முதல் முறிவே கடைசி முறிவாக இருக்க

திருகோணமலையில் தாதி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிக் காலம் முழுக்க எலும்பு முறிவு வார்டில்தான் வேலை. இடுப்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் ஆச்சிமாரிடம் "இதுக்கு முதல் எங்கேயும் முறிஞ்சதோ அம்மா?" என்று கேட்டால், பலர் பேசாமல் கையை நீட்டுவார்கள். மணிக்கட்டு இலேசாகக் கோணியிருக்கும். "அது எப்பவோ மாரிக்குள்ள கிணத்தடியில வழுக்கினது பிள்ளை. கட்டு வெட்டின பிறகு ஒண்டும் இல்லை."

கட்டு வெட்டியதோடு காரியம் முடிந்தது என்று அவரும் நினைத்திருப்பார், வீட்டாரும் நினைத்திருப்பார்கள். உண்மையில், ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபடி எங்கேயாவது முறிவதற்கான வாய்ப்பு முறியாதவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அதிலும் முதல் 2 வருடங்களில் ஆபத்து கூட. இடுப்பு முறிந்து வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வேறோர் எலும்பு முறிந்திருக்கிறது என்று உலகக் கணக்கும் சொல்கிறது. ஆகவே பிளாஸ்டர் கையில் இருக்கும்போதே அடுத்ததைத் தடுக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். அதில் இரண்டு பக்கம் உண்டு: எலும்பைப் பலப்படுத்துவது, விழாமல் பார்ப்பது. எங்கள் வீடுகளில் முதலாவதை மறந்துவிடுகிறோம். இரண்டாவதை "இனி நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், கதிரையில இருங்கோ" என்று சொல்லித் தலைகீழாக்கிவிடுகிறோம். இருத்தி வைத்தவரின் தொடைத் தசை சில கிழமைகளிலேயே வற்றத் தொடங்கும். பிறகு அவர் எழும்புகிற ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு ஒரு வாய்ப்புத்தான்.

எந்த முறிவைக் கவனிக்க வேண்டும்

50 வயதைத் தாண்டிய ஒருவர் நின்ற நிலையிலிருந்தோ கதிரையிலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தால், அந்த எலும்பு பலவீனமானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாமரத்திலிருந்து விழுந்தாலோ மோட்டார் சைக்கிள் மோதினாலோ யாருக்கும் முறியும். நிலைப்படியில் தடக்கி முறிந்தால் குற்றத்தில் பாதி எலும்புடையது. மணிக்கட்டு, தோளுக்குக் கீழே மேற்கை, இடுப்பு, முள்ளந்தண்டு ஆகியவைதான் முக்கியமான இடங்கள். கால்விரல் முறிந்ததை இதில் சேர்க்க வேண்டாம். ஆண்களுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வருவது குறைவு, ஆனால் இடுப்பு முறிந்த பிறகு தப்புவது பெண்களைவிடக் கடினம்.

முள்ளந்தண்டு முறிவு ஒளிந்து வரும். விழவே தேவையில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கும்போதோ, பஸ் குழியில் இறங்கிக் குலுங்கும்போதோ முதுகுக்குள் ஒரு வலி கிளம்பும். வாய்வு என்று சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்படி முறிந்தவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போகின்றன. முன்பு அளவாக இருந்த பாவாடை இப்போது நிலத்தில் இழுபடுகிறதா? அலுமாரியின் மேல்தட்டு எட்டவில்லையா? இளமையில் இருந்ததைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள்

எங்கள் மாமிக்கு மணிக்கட்டு முறிந்தபோது, ஓர் இடத்தில் கால்சியம் குளிசையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எழுதியவரைப் பிழை சொல்ல மனம் வரவில்லை, வெளியே அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் கால்சியம் மட்டும் போதாது. அது சீமெந்து மாதிரி, மேசன் வராவிட்டால் மூட்டையில் கிடந்து இறுகும். ஆகவே அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். எல்லாக் குளிசைகளையும், பழைய எக்ஸ்ரேக்களையும், கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் நேராகக் கேட்டேன்: "டொக்டர், இவவுக்கு எலும்புத் தேய்வுக்கு மருந்து தொடங்க வேணுமா?" இந்த ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள். யாராவது கேட்டால்தான் அது கொப்பியில் ஏறும்.

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா என்ற ஸ்கேன் இருக்கிறது. அதில் டீ-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்புத் தேய்வு என்று அர்த்தம். எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த மெஷின் கிடையாது. அதற்காகக் காத்திருந்து மாதங்களைப் போக்க வேண்டாம். இடுப்போ முள்ளந்தண்டோ இலேசான விழுகையில் முறிந்திருந்தால், ஸ்கேன் இல்லாமலே மருந்து தொடங்கலாம் என்பதுதான் பொதுவான நடைமுறை. மற்ற முறிவுகளுக்கு ஃபிராக்ஸ் என்ற கணிப்பான் உதவும். வயது, எடை, பழைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகைத்தல் போன்றவற்றைப் போட்டால் அடுத்த 10 வருடத்துக்கான ஆபத்தைச் சொல்லும். இலங்கைக்கென்றே தனிக் கணக்கு அதில் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம், விற்றமின் டி, கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைரொயிட் பார்க்கச் சொல்வார்கள். எலும்பு மெலிவதற்கு வேறு காரணம் உள்ளே இருக்கிறதா என்று தேடுவதற்காகத்தான். அலட்சியம் பண்ணாமல் எடுத்துக் கொடுங்கள்.

பெரும்பாலும் முதலில் எழுதுவது அலண்ட்ரோனேட் என்ற குளிசை. கிழமைக்கு ஒன்று, 70 மில்லிகிராம். இதை விழுங்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். விடிய எழும்பியதும், வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணீர், பால், கோப்பி எதுவும் கூடாது. விழுங்கிய பிறகு 30 நிமிடம் படுக்கக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது. படுத்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராமலே வெளியே போய்விடும்.

எங்கள் மாமிக்கு விடிய எழும்பியதும் தேத்தண்ணீர் இல்லாவிட்டால் உலகம் இருண்டுவிடும். "அரை மணித்தியாலமா? நான் செத்துப் போவன் பிள்ளை" என்றார். ஒரு ஏற்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைதான் குளிசை நாள். வெள்ளி கோயில், அந்த அவசரத்தில் மறந்துபோகும். ஞாயிறு விடிந்ததும் வாசல் விறாந்தையில் கைபிடி வைத்த கதிரையில் இருத்தி, குளிசையையும் கிளாஸையும் கொடுத்து, வானொலியைப் போட்டுவிடுவேன். கேத்தல் அடுப்பில் இருக்கும், ஆனால் இறக்கமாட்டேன். மாமி ஒழுங்கையில் போகிறவர்களோடு கதைத்துக்கொண்டு இருப்பார். எனக்குத் தெரிந்த மட்டில் அரை மணித்தியாலத்தைக் கழிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கும், நிமிர்ந்து இருக்க முடியாதவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இந்தக் குளிசை பொருந்தாது. நீண்ட காலச் சலரோகம் உள்ளவர்கள் கிரியற்றினின் பார்க்காமல் தொடங்கவே வேண்டாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குவதற்கு முன் பிடுங்கிவிடுவது நல்லது. பிறகு என்றால் பல் டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஏறத்தாழ 5 வருடம் எடுத்த பின், தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இடையில் காரணம் தெரியாமல் தொடையில் வலி வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள். அரிதாகத்தான் வரும், ஆனால் இந்த மருந்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

குளிசை ஒத்துவராதவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட் இருக்கிறது. இடுப்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு 90 நாட்களுக்குள் இதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. புதிய முறிவுகள் 35 வீதமும், மரணங்கள் 28 வீதமும் குறைந்தன. ஏற்றிய அன்றோ மறுநாளோ காய்ச்சலும் உடம்பு உளைவும் வரலாம். நிறையத் தண்ணீர் குடித்து, பரசிற்றமோல் எடுத்தால் போய்விடும். இன்னொன்று டெனோசுமாப், 6 மாதத்துக்கு ஒரு ஊசி. இதற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தவணையைத் தவறவிட்டால் அடங்கியிருந்த தேய்வு ஒரேயடியாகத் திரும்பி வந்து முள்ளந்தண்டுகள் வரிசையாக முறியலாம். தொடங்குவதற்கு முன், தொடர்ந்து போட வசதி இருக்கிறதா என்று வீட்டில் இருந்து யோசியுங்கள். நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும்.

கால்சியமும் விற்றமின் டியும் இவற்றுக்குத் துணை. சாப்பாட்டோடு எடுக்கும் கால்சியத்தை அலண்ட்ரோனேட் எடுக்கும் காலையில் சேர்க்காதீர்கள், மத்தியானத்துக்குத் தள்ளுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே 4 மணித்தியாலம் விட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாகப் போட வேண்டாம். "விற்றமின் டி பெரிய அளவில் ஒரே தடவை எடுத்தால் ஒரு வருடத்துக்குப் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவுஸ்திரேலியாவில் வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். விழுகையும் முறிவும் கூடித்தான் போனது. நாளுக்கு 800 அலகு அளவில் எடுப்பதே வழக்கம். இங்கே எரிக்கிற வெயிலில் யாருக்குக் குறையும் என்று கேட்பீர்கள். வயது போனவர்களின் தோல் அதை மெதுவாகத்தான் தயாரிக்கும், அவர்களும் கச்சான் காற்றுக்குப் பயந்து யன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேதான் இருக்கிறார்கள்.

விழுத்தும் மருந்துகள்

அதே பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். நித்திரைக் குளிசை, தடிமனுக்குத் தரும் பிரிட்டோன், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின், சீனியை இறக்கும் குளிசைகள் எல்லாமே ஆளை விழுத்தக் கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். சிறுநீர் போகத் தரும் குளிசையைக் காலையில் எடுக்கலாமா என்றும் கேளுங்கள்; பின்னேரம் எடுத்தால் இரவு முழுக்க எழும்பி நடப்பார். மூட்டுவாதத்துக்கோ மூச்சு முட்டுக்கோ மாதக் கணக்கில் பிரட்னிசலோன் எடுப்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அது எலும்பையே தின்னும்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால் படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் தலைச்சுற்றலின் காரணம் பிடிபட்டுவிட்டது, கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். கண்ணில் வெண்புரை இருந்தால் ஒத்திப்போடாமல் வெட்டுவிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்கும் விதம்

வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற யாராலும் முடியாது. இரவு 2 மணிக்குக் கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகும் பாதையை முதலில் எடுங்கள். லைட்டை அணைத்துவிட்டு அந்தப் பாதையில் நீங்களே நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்தபோது எனக்குத் தெரிந்தவை: கட்டில் உயரம் என்பதால் மாமியின் கால் நிலத்தில் முழுதாகப் படவில்லை, சுவிட்ச் அறையின் மறுபக்கச் சுவரில், கதவுக்கு முன்னால் விரிந்த கால்மிதி, ஓரம் சுருண்டு, குளியலறைக்கு இறங்க ஒரு படி, தரையும் படியும் ஒரே நிறத்து டைல். கட்டிலின் காலை அறுத்தோம். கால்மிதியை எறிந்தோம். படியின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ற் கோடு போட்டோம். சுவரில் எப்போதும் எரியும் சின்ன லைட் ஒன்று, கரண்ட் போகும் இரவுகளுக்குத் தலையணைக்குப் பக்கத்தில் டோர்ச். பெரிய செலவு எதுவும் இல்லை.

கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கும் வீடுகளில், இரவுக்கு மட்டும் அறைக்குள் கொமட் கதிரை வையுங்கள். வெட்கப்படுவார்கள். மாரி காலத்து இரவில் மழைக்குள் இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல். குந்தும் கக்கூஸ் என்றால் அதன்மேல் வைக்கக்கூடிய ஓட்டையுள்ள கதிரையும் கடைகளில் கிடைக்கிறது.

கைபிடியைப் பற்றி ஒரு வார்த்தை. துவாய் தொங்கவிடும் கம்பியைக் கைபிடி என்று நினைக்காதீர்கள், ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். மேசனைக் கூப்பிட்டு, சுவருக்குள் ஆழமாக இறக்கி, கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் குளிக்கும் இடத்தில் ஒன்றும் போடுங்கள். பூட்டுவதற்கு முன் அந்த ஆளையே இருத்தி எழுப்பி, கை எங்கே தேடிப் போகிறது என்று பார்த்துச் சுவரில் அடையாளம் வையுங்கள். இங்கே உப்புக் காற்று. சாதாரண இரும்புக் குழாய் போட்டால் கறள் பிடித்து, வெளியே பெயின்ற் நன்றாக இருக்க உள்ளே உக்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே போடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை நீங்கள் தொங்கிப் பாருங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை கிணற்றடியும் பின்வாசலும் பாசி பிடிக்கும். மழை தொடங்க முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத்தடியால் உரஞ்சுங்கள், மழை விட்ட இடைவெளிகளில் திரும்பவும் உரஞ்சுங்கள். திருக்கடலூர், உப்புவெளி போன்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பிள்ளைகளின் காலோடு வரும் மணல். மாபிள் தரையில் காய்ந்த மணல் சிந்தினால் ஈரத்தைப் போலவே வழுக்கும். வாசலில் கால் கழுவ ஒரு வாளி வைத்தால் போதும்.

உடுப்பும் விழுத்தும். நைட்டி கணுக்காலுக்கு மேலே நிற்க வெட்டித் தைத்துவிடுங்கள். ஐயாமாரின் சாரம் தளர்ந்து காலுக்குள் சிக்குகிறதென்றால் இரவில் இழுத்துக் கட்டும் நாடா வைத்த காற்சட்டை கொடுத்துப் பாருங்கள், கோபித்துவிட்டுப் பிறகு பழகிக்கொள்வார்கள். தேய்ந்த செருப்பை எறிந்துவிட்டுக் குதிக்குப் பின்னால் பட்டி உள்ளதை வாங்குங்கள்.

காலுக்குப் பலம்

இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். விழுகையைக் குறைக்க உள்ள வழிகளில் இதைவிட உறுதியாக நிரூபிக்கப்பட்டது வேறில்லை: சமநிலைக்கும் கால் பலத்துக்குமான பயிற்சி விழுகைகளை ஏறத்தாழக் கால் பங்கு குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் சொன்னார்கள். காலைநடை மட்டும் போதாது. நடை இதயத்துக்கு நல்லது, தடக்கும்போது தாங்கிப் பிடிக்க அது பழக்காது.

முறிந்த காலில் பாரம் போடலாம் என்று டொக்டரோ பிசியோவோ சொன்ன பிறகே தொடங்குங்கள். முதலில் ஒரு சோதனை. சுவரோடு ஒட்டிய, உறுதியான சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைக்கச் சொல்லி, 5 தடவை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் கால் பலம் காணாது. கையை ஊன்றாமல் எழும்பவே முடியாவிட்டால் இன்னும் மோசம், அங்கிருந்தே தொடங்கலாம்.

அதே எழும்பி இருப்பதுதான் முதற் பயிற்சியும். எங்கள் மாமி ரி.வி. நாடகத்துக்கு நடுவில் விளம்பரம் போகும்போது செய்கிறார். கையை ஊன்றித் தொடங்கினார், பிறகு ஒரு கை, பிறகு கை இல்லாமல். கதிரை தாழ்வாக இருந்தால் மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்திக் கொடுங்கள், பலம் வரவர எடுத்துவிடலாம். இருக்கும்போது "பொத்" என்று விழக் கூடாது. மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. அடுத்தது, குசினித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி நிற்பது. அப்புறம் அதே விளிம்பைப் பிடித்தபடி நண்டு போலப் பக்கவாட்டில் நடப்பது. கடைசியாக ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதி முட்ட, நேர்கோட்டில் 10 விநாடி நிற்பது. அருகில் நீங்கள் நில்லுங்கள். கையைப் பிடிக்க வேண்டாம், பிடிக்கத் தயாராக நின்றால் போதும். சமநிலைப் பயிற்சி கொஞ்சம் தள்ளாட வைக்க வேண்டும், தள்ளாடாவிட்டால் பயன் இல்லை. கிழமையில் 3 நாளாவது, மாதக்கணக்கில்.

முள்ளந்தண்டு முறிந்தவர்கள் முன்னால் குனியும் பயிற்சி எதையும் செய்யக் கூடாது. கீழே குந்தியிருந்து தேங்காய் துருவுவது, குனிந்து கோலம் போடுவது, பேரப்பிள்ளையை நிலத்திலிருந்து தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குத் தனியான கட்டுப்பாடுகள் சொல்லியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

பொல்லைச் சரியாகப் பிடிக்கிறவர்கள் குறைவு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரத்தில் பிடி இருக்க வேண்டும். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து மழமழத்துப் போனால் உடனே மாற்றுங்கள்.

சாப்பாடு

"இரவுக்கு ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணீரும் போதும்" என்று சொல்லும் முதியவருக்கு எந்த மருந்தும் முழுப் பயன் தராது. 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 50, 60 கிராம் புரதம் வேண்டும். நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு சாப்பிட்டால் புரதமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும். பல் இல்லாதவருக்கு முள் மெத்தென்று ஆகும்வரை அவித்துக் கொடுங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்து முட்டித் தயிர், முட்டை, பருப்பு, அவித்த கௌபி, குரக்கன் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல். சலரோகத்துக்குப் பயந்து சோற்றைக் குறைப்பது சரி, மீனையும் சேர்த்துக் குறைப்பதுதான் பிழை. சிகரட்டும் சாராயமும் எலும்புக்கு ஆகாது. அதைப் பற்றி ஐயாமாரோடு நான் வாதாடிக் களைத்துவிட்டேன்.

வெளியே போவது

கோயிலுக்கு வர வேண்டாம் என்று வயதானவரிடம் சொல்லாதீர்கள். கோணேசர் மலைக்கு வெயில் ஏற முன்பே கூட்டிக்கொண்டு போங்கள். மத்தியானத்தில் சுடும் தரையில் வெறுங்காலோடு நின்றால் எவரும் துள்ளி ஓடுவார்கள், அந்த ஓட்டத்தில்தான் விழுவார்கள். கோட்டைக்குள் மான்களுக்குப் பழம் கொடுக்க ஆசைப்படுவார்கள். இருந்துகொண்டு கொடுக்கட்டும், பழப் பையைக் கண்டால் அவை முட்டிக்கொண்டு வரும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றி எந்த நேரமும் ஈரம், ஈரச் சேலை காலில் சுற்றும். அங்கே ஒரு கதிரை கொண்டுபோய் இருத்தி வாளியால் நீங்கள் ஊற்றுங்கள். பஸ்ஸில் ஏறினால் அவர் இருந்த பிறகு எடுக்கச் சொல்லிச் சத்தமாகச் சொல்லுங்கள், கொண்டக்டர் முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

விழுந்துவிட்டால்

உடனே பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தால், அல்லது இடுப்பு மடியில் வலி தாங்காமல் கத்தினால், அது இடுப்பு முறிவாகவே இருக்கும். அசைக்காமல், குளிராமல் போர்த்திவிட்டு 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்க வேண்டாம். எண்ணெய் போட்டு உருவி, பத்துப் போட்டு, முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய் மூன்று நாள் கழித்து வார்டுக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடுப்பு முறிவுக்கு முடிந்தவரை விரைவாகச் சத்திரசிகிச்சை செய்வதுதான் வழி. கிடக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் நெருங்கும்.

தலையில் அடிபட்டு, இரத்தத்தை இளக்கும் மருந்தும் எடுப்பவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எதுவும் முறியவில்லை என்று தெரிந்தால், அவராக எழும்ப வழி சொல்லுங்கள்: பக்கவாட்டில் புரண்டு, முழங்காலும் கையுமாக நின்று, கதிரை ஒன்றுக்குத் தவழ்ந்து போய், அதில் கையை ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழும்பித் திரும்பி இருக்க வேண்டும். இதை விழ முன்பே மெத்தையில் ஒரு தடவை பழக்கிப் பாருங்கள். தனியே இருப்பவர் என்றால் சின்ன போன் ஒன்றைச் சட்டைப் பையிலோ கழுத்திலோ போட்டுக்கொள்ளட்டும். மேசையில் வைத்த போன் நிலத்தில் கிடப்பவருக்கு எட்டாது. அந்தப் போனில் 1990ஐயும் பக்கத்து வீட்டு இலக்கத்தையும் ஒரே பட்டனில் அழைக்கும்படி போட்டுக் கொடுங்கள்.